கற்பிக்கும் உரிமை யாருடையது?
ஹான்ஸ் கியூங்கின் கல்விப் பணியும் திருச்சபை வாழ்வும்

1979ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் ரோமாபுரியிலிருந்து ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக இறையியல் கற்பித்து வந்த ஒரு பேராசிரியரை இனிமேல் கத்தோலிக்க இறையியலாளராகக் கருத முடியாது என்பதே அதன் சாரம். அவருடைய குருத்துவம் பறிக்கப்படவில்லை. திருச்சபையிலிருந்து அவர் விலக்கப்படவும் இல்லை. மறுநாள் காலையிலும் அவர் திருப்பலி நிறைவேற்றலாம். மக்களுக்கு மறையுரை ஆற்றலாம். ஆனால் திருச்சபையின் பெயரால் மாணவருக்குப் பாடம் சொல்லும் அனுமதி மட்டும் அவரிடமிருந்து திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பேராசிரியரின் பெயர் ஹான்ஸ் கியூங்.

பிற சமயத்தார் ஒருவருடைய வாழ்வை நாம் ஏன் இவ்வளவு நுணுகிப் பார்க்க வேண்டும் என்று வாசகர் வினவலாம். காரணங்கள் இரண்டு. முதலாவது, கிறிஸ்தவ இறையியலாளருள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நபித்துவத்தைக் கிறிஸ்தவர்கள் மதித்து ஏற்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிய மிகச் சிலருள் இவர் ஒருவர். இரண்டாவது, மார்க்கக் கல்வியைக் கற்பிக்கும் உரிமையை ஒருவருக்கு யார் வழங்குவது, யார் பறிப்பது என்னும் வினா அவர்களுக்கு மட்டும் உரியதன்று. இஜாஸா பெற்றும் வழங்கியும் வாழ்கின்ற நமக்கும் அது உரியது.

ரோமாபுரியில் ஏழாண்டுகள்

கியூங் 1928 மார்ச் 19ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டின் லூசர்ன் மாநிலத்திலுள்ள சூர்ஸே என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பம் காலணி வணிகம் செய்து வந்தது. 1948இல் குருத்துவக் கல்விக்காக ரோமாபுரி சென்றவர், ஜெர்மானிய மாணவர்க்கான கல்லூரியில் தங்கி, இயேசு சபையார் நடத்தும் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் ஏழாண்டுகள் மெய்யியலும் இறையியலும் பயின்றார். 1954இல் குருப்பட்டம் பெற்றார். கட்டுப்பாடு மிகுந்த அந்தப் பழைய முறைக் கல்வியே அவரை உருவாக்கிற்று. பிற்காலத்தில் ரோமாபுரியை எதிர்த்து எழுதியபோதெல்லாம் ரோமாபுரியின் நூல்களைக் கொண்டே அவரால் வாதிட முடிந்தமைக்கு இப்பயிற்சியே காரணம்.

அடுத்துப் பாரிஸ் நகரில் முனைவர் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள் துணிச்சலானது. இறைவன் முன்னிலையில் மனிதன் நீதிமானாக்கப்படுவது நம்பிக்கையாலா, செயல்களாலா என்னும் சிக்கலே பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதரையும் ரோமாபுரியையும் பிரித்தது. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த புராட்டஸ்டண்ட் இறையியலாளரான கார்ல் பார்த்தின் கருத்துகளைக் கத்தோலிக்கக் கோட்பாட்டுடன் ஒப்பிட்டு ஆராய்ந்த கியூங், சரியாக விளங்கிக்கொண்டால் இவ்விரண்டுக்கும் இடையே அடிப்படை முரண்பாடு இல்லை என்று முடிவு கூறினார். 1957இல் அந்த ஆய்வு நூலாக வெளிவந்தபோது, தம் கருத்தை இவர் சரியாகவே எடுத்துரைத்திருக்கிறார் என்று பார்த்தே முன்னுரைக் கடிதம் எழுதித் தந்தார். ரோமாபுரியிலோ, அதே ஆண்டில் கியூங்கின் பெயரில் விசாரணைக் கோப்பு ஒன்று திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 29.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 1999 அக்டோபர் 31ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூதரன் கூட்டமைப்பும் இதே பொருள் குறித்துக் கூட்டறிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. அடிப்படையில் நாங்கள் ஒன்றுபடுகிறோம் என்று அவ்விரு தரப்பும் கூறின. ஓர் இளைஞர் தம் ஆய்வேட்டில் எழுதியதை நோக்கி இரு பெரும் சபைகளும் வந்து சேர நாற்பத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன.

பேராசிரியரும் சங்கமும்

லூசர்ன் நகரில் சில காலம் பங்குப் பணியாற்றிய பின், 1960இல், தம் 32ஆம் வயதில் கியூங் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்நாளில் திருத்தந்தை இருபத்துமூன்றாம் ஜான் பொதுச்சங்கம் ஒன்றைக் கூட்டப்போவதாக அறிவித்திருந்தார். அச்சங்கம் என்ன செய்ய வேண்டும் என்று கியூங் எழுதிய நூல் பல மொழிகளில் பரவிற்று. திருச்சபை தன்னைச் சீர்திருத்திக்கொண்டால்தான் பிரிந்த கிறிஸ்தவர் மீண்டும் ஒன்றுகூடுவர் என்பது அதன் மையக் கருத்து. 1962இல் திருத்தந்தையே அவரைச் சங்கத்தின் இறையியல் வல்லுநராக நியமித்தார். 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இளம் வல்லுநர்களாக இருந்தோருள் மற்றொருவர் ஜோசப் ராட்சிங்கர். பிற்காலத்தில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்.

இவ்விருவரின் உறவு தனியே எழுதத்தக்கது. 1966இல் டியூபிங்கனில் இறையியல் இருக்கை ஒன்று காலியானபோது, ராட்சிங்கரை அழைக்க வேண்டும் என்று முனைந்து நின்றவர் கியூங்கே. இருவரும் ஒரே துறையில் உடன் பணியாற்றினர். 1968இல் மாணவர் கிளர்ச்சி பல்கலைக்கழகங்களைக் குலுக்கிற்று. ராட்சிங்கர் அதில் கட்டுக்கடங்காமையின் அபாயத்தைக் கண்டார். 1969இல் அமைதியான ரேகன்ஸ்பர்க் நகருக்குப் பெயர்ந்து சென்றார். கியூங் தங்கிவிட்டார். ஒரே சங்கத்தில் ஒரே சீர்திருத்தத்துக்காக உழைத்த இருவர் அதன்பின் எதிரெதிர்த் திசைகளில் நடந்தனர்.

சங்கம் முடிவுற்ற வேளையில் திருத்தந்தை ஆறாம் பவுல் தம்மைத் தனியே சந்தித்துத் திருச்சபையின் பணியில் சேருமாறு குறிப்பால் உணர்த்தியதாகக் கியூங் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அவர் இணங்கவில்லை. இணங்கியிருந்தால் ஆயராகவோ கர்தினாலாகவோ உயர்ந்திருக்கக் கூடும். அவர் ஆசிரியராகவே இருக்க விரும்பினார்.

வழுவா வரம் பற்றிய வினா

1968 ஜூலையில் திருத்தந்தை ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையை விலக்கி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். அவர் விரிவுபடுத்திய ஆய்வுக் குழுவின் பெரும்பான்மையினர் வேறு கருத்துக் கூறியிருந்தும் அவர் பழைய நிலையிலேயே நின்றார். ஏன் நின்றார் என்று கியூங் ஆராய்ந்தார். முன்னோர் தொடர்ந்து போதித்த ஒன்றை மாற்றினால் திருச்சபை இதுவரை தவறிழைத்தது என்று ஒப்புக்கொண்டதாகும். தவறவே இயலாது என்னும் கொள்கை அதற்கு இடம் தராது. சிக்கலின் வேர் கருத்தடை அன்று, வழுவா வரமே என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1970இல், அக்கொள்கை முதலாம் வத்திக்கான் சங்கத்தில் 1870 ஜூலை 18ஆம் நாள் அறிவிக்கப்பட்டதன் நூறாம் ஆண்டில், அதனை வினாவுக்குள்ளாக்கும் நூலை வெளியிட்டார்.

நம்மவர் பலர் இக்கொள்கையைப் பிழையாக விளங்கியிருப்பதால் ஈண்டு சிறிது விளக்குவது நலம். திருத்தந்தை பாவமே செய்ய மாட்டார் என்று கத்தோலிக்கர் நம்புவதில்லை. நபிமார்களுக்கு நாம் கூறும் இஸ்மத் போன்றதன்று இது. திருத்தந்தை தம் பதவியின் முழு அதிகாரத்தோடு, நம்பிக்கை அல்லது ஒழுக்கம் பற்றிய ஒன்றை அனைத்துத் திருச்சபைக்கும் உரியதென அறுதியிட்டு அறிவிக்கும்போது மட்டும் அவர் தவறாதவாறு இறைவன் காக்கிறான் என்பதே அக்கொள்கை. 1870க்குப் பின் அவ்வாறு முறைப்படி அறிவிக்கப்பட்டது ஒரே ஒரு கோட்பாடு. அது 1950இல் அன்னை மர்யம் (அலை) அவர்களைப் பற்றியது.

கியூங் இதனை மூன்று வழிகளில் எதிர்த்தார். இதற்கு வேதநூலில் ஆதாரம் போதாது என்றார். முதல் ஆயிரம் ஆண்டுகளின் திருச்சபை இவ்வாறு கருதியதில்லை என்று வரலாற்றைக் காட்டினார். மனித மொழியில் அமைந்த எந்த வாக்கியமும் முன்கூட்டியே தவறாதது என்று உறுதிசெய்யப்பட முடியாது என்று மெய்யியலைத் துணைக்கழைத்தார். அதற்கு மாற்றாக அவர் முன்வைத்த கருத்து, சில வாக்கியங்கள் பிழைபட்டாலும் இறைவனின் அருளால் திருச்சபை உண்மையில் நிலைத்து நிற்கும் என்பது.

உஸூலுல் ஃபிக்ஹ் பயின்றோர்க்கு இங்கு இஜ்மாவின் நினைவு வராமற் போகாது. இந்த உம்மத்து முழுவதும் வழிகேட்டில் ஒன்றுகூடாது என்பது நம் முன்னோர் நிறுவிய அடிப்படை. அந்தப் பாதுகாப்பு எந்தத் தனி மனிதருக்கும் உரியதன்று, அறிஞர் கூட்டத்தின் ஒருமித்த முடிவுக்கே உரியது என்பது அஹ்லுஸ் ஸுன்னா நிலை. கியூங்கும் பாதுகாப்பைத் தனி ஒருவரிடமிருந்து சமுதாயத்துக்கு மாற்ற முயன்றார். வேறுபாடும் உண்டு. நம் உஸூல் அறிஞர் இஜ்மாவான முடிவையே அறுதியானதாகக் கொண்டனர். கியூங்கோ எந்த முடிவையும் அவ்வாறு கொள்ளத் தயங்கினார்.

உரிமை பறிபோனது

ரோமாபுரி உடனே தண்டிக்கவில்லை. கடிதங்கள் பல போயின, வந்தன. விசாரணைக்கு வருமாறு அழைத்தபோது, தம் கோப்பைத் தாம் பார்க்க வேண்டும், தமக்காக வாதிடுவோரைத் தாமே தெரிவு செய்ய வேண்டும் என்று கியூங் கேட்டார், அவை மறுக்கப்பட்டன. 1975 பிப்ரவரியில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டது. இடையில் அவர் எழுதிய ‘கிறிஸ்தவனாக இருத்தல்’ (1974), ‘கடவுள் இருக்கிறாரா?’ (1978) ஆகிய நூல்கள் பெரும் எண்ணிக்கையில் விற்பனையாயின. 1979இல், வழுவா வரம் எவ்வாறு அறிவிக்கப்பட்டது என்னும் வரலாற்று நூல் ஒன்றுக்கு அவர் முன்னுரை எழுதியபோது பொறுமை எல்லை கடந்தது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலின் காலத்தில் அனுமதி திரும்பப் பெறப்பட்டது.

திருச்சபையின் தரப்பையும் நேர்மையோடு கூறுதல் வேண்டும். ஒருவர் தம் சொந்தக் கருத்தை எழுதுவது வேறு. ஒரு சமயத்தின் பெயரால் அதன் வருங்காலக் குருமார்க்குக் கற்பிப்பது வேறு. கத்தோலிக்க இறையியல் கற்க வரும் மாணவர், கத்தோலிக்கக் கோட்பாட்டையே பெற உரிமையுடையவர். இது ஜெர்மன் ஆயர்கள் வைத்த வாதம். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று.

ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் அரசுக்குரியவை. ஆயினும் 1933இல் வத்திக்கானுக்கும் ஜெர்மன் அரசுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கை இன்றளவும் நடப்பிலுள்ளது. அதன்படி கத்தோலிக்க இறையியல் துறையின் ஆசிரியருக்கு ஆயரின் ஒப்புதல் தேவை. ஒப்புதல் போனால் அத்துறையில் இடமில்லை. ஆனால் அரசு ஊழியரான பேராசிரியரைப் பணிநீக்கம் செய்யவும் இயலாது. பல்கலைக்கழகம் 1980இல் ஒரு வழி கண்டது. கியூங் தலைமை வகித்த கிறிஸ்தவ ஒன்றிப்பு ஆய்வு நிறுவனத்தையும் அவருடைய இருக்கையையும் இறையியல் துறையிலிருந்து பிரித்துப் பல்கலைக்கழகத்தின் நேரடிப் பொறுப்பில் வைத்தது. 1996இல் ஓய்வு பெறும்வரை அவர் அங்கேயே பணியாற்றினார்.

இஸ்லாத்தை நோக்கி

கதவு ஒன்று அடைபட்டபோது வேறொன்று திறந்தது. குருமாணவர் பாடத்திட்டத்திலிருந்து விடுபட்ட கியூங், உலகச் சமயங்களை நோக்கித் திரும்பினார். டியூபிங்கனிலேயே இஸ்லாமியக் கலாம் வரலாற்றில் ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞரான யோசஃப் வான் எஸ் பணியாற்றி வந்தார். அவரும் இந்து, பௌத்த சமயங்களின் அறிஞர் இருவரும் உரையாற்ற, ஒவ்வொன்றுக்கும் கியூங் கிறிஸ்தவ நிலையிலிருந்து மறுமொழி கூறினார். அவ்வுரைகள் 1984இல் நூலாயின.

அந்நூலில்தான் அவர் முன் குறிப்பிட்ட வாதத்தை வைத்தார். 1965 அக்டோபர் 28ஆம் நாள் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, ஏக இறைவனை வணங்கும் முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குவதாகக் கூறுகிறது. ஈசா நபி (அலை) அவர்களையும் மர்யம் (அலை) அவர்களையும் முஸ்லிம்கள் போற்றுவதையும், தொழுகை, ஜகாத், நோன்பு ஆகியவற்றையும் அது குறிப்பிடுகிறது. ஆனால் இவற்றையெல்லாம் அவர்களுக்குக் கற்பித்தவரின் பெயர் அந்த அறிக்கையில் இல்லை. அந்தச் சங்கத்தில் வல்லுநராக அமர்ந்திருந்த கியூங், இந்த மௌனத்தைச் சுட்டிக்காட்டினார். முஸ்லிம்களை மதிப்பது உண்மையானால் அவர்களை இறைவன்பால் அழைத்த முஹம்மதையும் (ஸல்) நபியாக மதித்தேயாக வேண்டும் என்றார். பழைய ஏற்பாட்டின் தீர்க்கதரிசிகளோடு ஒப்பிட்டு, அவர்களைத் தீர்க்கதரிசிகள் என்போர் இவரை மறுப்பதற்கு நியாயமில்லை என்று வாதிட்டார். அவருடைய திருச்சபை இக்கருத்தை இன்றுவரை ஏற்றதில்லை.

2004இல் ‘இஸ்லாம்’ என்னும் பெருநூலை அவர் வெளியிட்டார். யூதம் (1991), கிறிஸ்தவம் (1994) ஆகியவற்றை அடுத்து வந்த மூன்றாம் நூல் அது. மதீனாவின் முதற் சமுதாயம், உமையாக்களின் அரபுப் பேரரசு, அப்பாஸியர் காலத்து உலகச் சமயம், உலமாவும் சூஃபிகளும் வழிநடத்திய காலம், நவீனமயம், இக்காலம் என்று ஆறு படிநிலைகளாக நம் வரலாற்றை அவர் பகுத்தார். எந்தப் படிநிலையும் அடுத்தது வந்ததும் மறைந்துபோவதில்லை, ஒன்றின்மேல் ஒன்றாக இன்றும் வாழ்கின்றன என்னும் அவருடைய கருத்து நம் சமுதாயத்தின் உட்பூசல்களை விளங்கிக்கொள்ள உதவுவது.

ஆதி யூதக் கிறிஸ்தவர்கள் ஈசா நபி (அலை) அவர்களை இறைத்தூதராகவே போற்றினர் என்றும், கிரேக்கச் சிந்தனையால் மாறுபடாத அந்தப் பழைய நோக்கோடு குர்ஆனின் கூற்று நெருங்கிவருகிறது என்றும் அவர் காட்டினார். நமக்கு இது வியப்பன்று. ஆனால் ஒரு கத்தோலிக்கக் குரு இதனை எழுதியது வியப்பே.

எனினும் எல்லாவற்றிலும் நாம் அவரோடு உடன்பட இயலாது. பைபிளை வரலாற்றுத் திறனாய்வுக்கு உட்படுத்தியது போலவே குர்ஆனையும் உட்படுத்த வேண்டும், அதனை இறைவனின் சொல்லாகவும் அதேவேளையில் நபியின் சொல்லாகவும் கொள்ள வேண்டும் என்று அவர் நம்மை வேண்டினார். வஹீயைப் பற்றிய நம் அகீதாவின் அடித்தளத்தையே இது தொடுகிறது, ஏற்பதற்கில்லை. நபித்துவத்தை மதிக்கச் சொன்னவர், அந்நபி தம் சொல் அன்று என்று அறிவித்ததை அவருடைய சொல்லாக்குவதில் உள்ள முரண்பாட்டை அவர் தீர்த்தாரில்லை. மறுப்பைச் சொல்லும்போதும், அவர் கேட்டது பகைமையால் அன்று, தம் சமயத்திடம் கேட்டதையே நம்மிடமும் கேட்டார் என்பதை மறத்தல் ஆகாது.

சமயங்களுக்கிடையே அமைதியில்லாமல் நாடுகளுக்கிடையே அமைதி வராது என்னும் அவருடைய எண்ணம் 1990இல் ‘உலக நெறி’ என்னும் திட்டமாயிற்று. 1993இல் சிகாகோவில் கூடிய உலகச் சமயங்களின் பேரவை, அவர் வரைவு செய்த அறிக்கையை ஏற்றது. முஸ்லிம் பேராளர்களும் அதில் கையொப்பமிட்டனர்.

இஜாஸாவும் திருச்சபை அனுமதியும்

இனி நம் பக்கம் திரும்புவோம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் வழங்கிய கற்பிக்கும் உரிமம், நம் மத்ரஸாக்களின் இஜாஸாவிலிருந்து தோன்றியிருக்கலாம் என்று ஜார்ஜ் மக்திஸி 1981இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் வாதிட்டார். அறிஞர் அனைவரும் இதனை ஏற்கவில்லை. ஆனால் அவர் சுட்டிய ஒரு வேறுபாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. இஜாஸா ஆசிரியர் மாணவருக்குத் தருவது. கலீஃபாவோ காஜியோ தருவதன்று. ஐரோப்பாவில் அந்த உரிமம் திருச்சபையின் அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தது. எனவே அதனைத் திரும்பப் பெறவும் ஓர் இடம் உண்டாயிற்று.

பதவி வேறு, உரிமை வேறு என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091இல் பக்தாத் நிஜாமிய்யாவின் ஆசிரியராக வஸீர் நிஜாமுல் முல்க்கால் நியமிக்கப்பட்டார்கள். 1095இல் தாமே அப்பதவியைத் துறந்தார்கள். பதவி போயிற்று; கற்பிக்கும் தகுதி போகவில்லை. கியூங்கின் நிலை இதற்கு நேர்மாறு. பதவி இருந்தது; உரிமை போயிற்று.

ஆட்சியாளர் கோட்பாட்டைக் கட்டாயப்படுத்த முனைந்த காலமும் நம்மிடம் உண்டு. ஹிஜ்ரி 218இல் கலீஃபா மஃமூன் தொடங்கிய மிஹ்னாவில் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் சிறையும் சாட்டையடியும் ஏற்றார்கள். இறுதியில் வென்றது கலீஃபாவின் ஆணை அன்று, இமாமின் உறுதியே.

ஆயினும் நாம் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றுவிட முடியாது. உஸ்மானிய கிலாஃபத் ஒழிக்கப்பட்ட மறு ஆண்டான 1925இல், கிலாஃபத் மார்க்கக் கடமையன்று என்று எழுதிய எகிப்தின் ஷெய்கு அலீ அப்துர் ராஸிக்கை அஸ்ஹரின் மூத்த உலமா பேரவை விசாரித்து, ஆலிம்களின் பட்டியலிலிருந்து அவருடைய பெயரை நீக்கிற்று. காஜி பதவியும் போயிற்று. அதற்குப் பயன்பட்டது 1911ஆம் ஆண்டின் அஸ்ஹர் சட்டம். அவருடைய கருத்து பிழையானது என்பது உலமாவின் பெரும்பான்மை முடிவு; அதனை மறுத்துப் பல நூல்கள் எழுதப்பட்டன. நூலுக்கு நூலால் மறுமொழி கூறுவது நம் பழைய மரபு. பட்டத்தைப் பறிப்பது, கல்வி அரசுச் சட்டத்தின் கீழ் ஒரு நிறுவனமான பிறகு வந்த புதிய வழக்கம். உரிமையைத் தருவது ஆசிரியர் என்றிருந்தவரை அதைப் பறிப்பதற்கு அலுவலகம் இல்லை. அலுவலகம் வந்தபோது, ரோமாபுரியில் நடந்தது கெய்ரோவிலும் நடந்தது.

இறுதி ஆண்டுகள்

2005இல் ராட்சிங்கர் திருத்தந்தையானார். அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் காஸ்தல் கண்டோல்ஃபோ மாளிகையில் பழைய தோழர் இருவரும் ஏறத்தாழ நான்கு மணிநேரம் உரையாடினர். கோட்பாட்டுச் சச்சரவுகளைப் பேசுவதில்லை என்று முன்னரே இசைந்து, உலக நெறி பற்றியும் நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் உள்ள உறவு பற்றியும் பேசினர். அனுமதி திரும்பக் கிடைக்கவில்லை. 2016இல் வழுவா வரம் குறித்துத் தடையற்ற ஆய்வுக்கு வழிவிடுமாறு கியூங் வேண்டியபோது, திருத்தந்தை பிரான்சிஸ் அவரை உடன்பிறப்பே என்று விளித்து அன்போடு மறுமொழி எழுதினார். அப்போதும் 1979ஆம் ஆண்டின் ஆணை மாற்றப்படவில்லை.

2021 ஏப்ரல் 6ஆம் நாள், 93ஆம் வயதில், டியூபிங்கனில் கியூங் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் யோசஃப் வான் எஸ்ஸும் மறைந்தார். கியூங் இறுதிவரை குருவாகவே வாழ்ந்தார். திருச்சபையை விட்டு வெளியேறுமாறு பலர் சொல்லியும் வெளியேறவில்லை. தம் வீட்டைச் சீர்செய்ய விரும்புகிறவன் வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்பது அவர் வாழ்ந்து காட்டிய நிலை.

ஆலிம் பட்டத்துக்குரிய ஸனதை ஆண்டுதோறும் நம் கல்லூரிகள் வழங்குகின்றன. அது ஓர் அலுவலகத்தின் அனுமதிச் சீட்டா, ஓர் உஸ்தாத் தம் மாணவரின் கல்வியையும் நேர்மையையும் கண்டு அளிக்கும் சாட்சியமா? அனுமதிச் சீட்டாயின் அதைப் பெற்றவர் அஞ்சியே பேசுவார். சாட்சியமாயின் அதைப் பெற்றவர் அல்லாஹ்வுக்கும் தம் ஆசிரியருக்கும் கடமைப்பட்டவராய், கற்றதை மறைக்காமல் பேசுவார். பிழைபட்டால் கல்வியாலேயே திருத்தப்படுவார். நம் முன்னோர் இரண்டாவதையே நாடினர். அம்மரபைப் பேணுவது இன்று ஸனது வழங்குவோர் கையில் இருக்கிறது.